கடலின் சூட்டை விண்ணிலிருந்து திருத்தமாக அளப்பது எப்படி: மேட்டூர் நீரில் பழகி வங்கக் கடலுக்குப் போகும் முழுமையான வழிகாட்டி

சேலத்திலிருந்து வங்கக் கடல் நேர்க்கோட்டில் 170 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆனாலும் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நம் ஏரிகளுக்குத் தண்ணீர் வருமா என்பதில் அந்தக் கடலின் மேற்பரப்புச் சூட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. புயல் உருவாகி வலுப்பெறக் கடல்பரப்பு ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களை மீனவர்களுக்குச் சொல்வதும் செயற்கைக்கோள் தரும் கடல் வெப்பநிலையையும் பார்த்துத்தான். அதில் அரை டிகிரி பிசகினால் ஒரு படகின் டீசல் செலவு வீணாகும்.

செயற்கைக்கோளுக்குக் கடலைத் தொட வழியில்லை. கடல் உமிழும் அகச்சிவப்புக் கதிர், காற்றைக் கடந்து, நீராவியில் பாதி மறைந்து, மேகத்தில் அடிபட்டு மேலே போய்ச் சேருகிறது. அதைக் கருவி ஓர் எண்ணாக மாற்றுகிறது. அந்த எண்ணுக்கும் நீரின் உண்மையான வெப்பநிலைக்கும் நடுவே எத்தனை தவறுகள் நுழைய முடியுமோ, அத்தனையையும் தனித்தனியாகப் பிடித்து நீக்குவதுதான் இந்த வேலை. இயற்பியலும் புவியியலும் படிக்கும் மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இது: இதைக் கற்றுக்கொள்ளக் கடற்கரையில் பிறந்திருக்க வேண்டியதில்லை. மேட்டூரில் ஸ்டான்லி நீர்த்தேக்கம் இருக்கிறது. தலைக்கு மேலே ஏற்காடு இருக்கிறது. அமெரிக்காவின் டாஹோ ஏரியில் மிதவைகளை நிறுத்தித்தான் பல செயற்கைக்கோள்களின் வெப்பக் கருவிகளைச் சரிபார்க்கிறார்கள். பெரிய நீர்ப்பரப்பு ஒன்று போதும்.

தேவையானவை: நீர் புகாத டிஜிட்டல் வெப்பமானிகள் மூன்று, உமிழ்திறனை மாற்றி அமைக்கக்கூடிய அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று, ஒரு ஃபிளாஸ்க், ஐஸ், நீண்ட மூங்கில் கழி, இணைய வசதியுள்ள கணினி. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008-லிருந்து எல்லோருக்கும் இலவசம். நம் இன்சாட் படங்களை இஸ்ரோவின் மோஸ்டாக் இணையதளத்தில் பதிவு செய்து பெறலாம்.

முதல் படி: எந்த வெப்பநிலை என்று முடிவு செய்யுங்கள்

மேட்டூர் நீர்த்தேக்கக் கரையிலுள்ள பண்ணவாடியில் ஒரு பரிசல்காரர் என்னிடம், “மேல்தண்ணீர் சுடும், கீழ்த்தண்ணீர் குளிரும். நீங்கள் எந்தத் தண்ணீரைக் கேட்கிறீர்கள் தம்பி?” என்று கேட்டார். கடலியலாளர்கள் பல ஆண்டுகள் விவாதித்து வந்து சேர்ந்த கேள்வியும் அதுவே.

அகச்சிவப்புக் கருவி பார்ப்பது நீரின் மேல்தோலை மட்டும். அந்தத் தோலின் கனம் சுமார் 10 மைக்ரான், அதாவது தலைமுடியின் பருமனில் ஒரு சிறு பங்கு. அங்கிருந்து வெப்பம் ஓயாமல் காற்றுக்குப் போய்க்கொண்டே இருப்பதால், தோல் அதன் அடியிலுள்ள நீரைவிடச் சற்றுக் குளிர்ந்திருக்கும். காற்று நன்றாக வீசும் கடலில் இந்த வேறுபாடு ஏறத்தாழ 0.17 டிகிரி. மிதவையின் வெப்பமானி ஒரு மீட்டர் ஆழத்துக்குள் எங்காவது இருக்கும். கப்பல்கள் உறிஞ்சும் நீர் இன்னும் கீழிருந்து வருகிறது. காற்றில்லாத உச்சி வெயிலில் மேலடுக்கு மட்டும் காய்ந்து, அடிநீரைவிட 3 டிகிரிக்கு மேலும் சூடாகலாம். ஆகவே தோலின் அளவை மிதவையின் அளவோடு அப்படியே ஒப்பிட்டு, “செயற்கைக்கோள் தவறு” என்று தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. உங்கள் நோட்டில் ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் ஆழத்தையும் மணியையும் எழுதுங்கள். இவை இரண்டும் இல்லாத எண்ணை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

இரண்டாம் படி: கையில் இருக்கும் வெப்பமானியைச் சோதியுங்கள்

கடையில் வாங்கும் டிஜிட்டல் வெப்பமானி பெரும்பாலும் அரை டிகிரி வரை பிசகலாம் என்று அதன் விவரத் தாளே சொல்லும். அரை டிகிரியைத் தேடிப் போகும் நமக்கு அது போதாது. ஐஸைப் பொடியாக நுணுக்கி ஃபிளாஸ்கில் நிரப்புங்கள். இடைவெளி மறையும் அளவுக்கு மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். பத்து நிமிடம் கழித்து மூன்று வெப்பமானிகளையும் ஒன்றாகக் கட்டி உள்ளே விடுங்கள். அது 0 டிகிரி. 0.3 என்று காட்டினால், அந்த 0.3-ஐ அந்த வெப்பமானியின் பெயரில் எழுதி வையுங்கள். பிறகு வெதுவெதுப்பான நீரில் மூன்றையும் சேர்த்துவைத்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

கொதிநீரை 100 டிகிரி என்று வைத்துக்கொண்டு சரிபார்க்க வேண்டாம். சேலம் கடல் மட்டத்திலிருந்து 278 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 99 டிகிரியிலேயே கொதிக்கும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

அடுத்தது அகச்சிவப்பு வெப்பமானி. பளபளப்பான எவர்சில்வர் சொம்பில் வெந்நீர் ஊற்றி, அதன் பக்கவாட்டைக் குறிவையுங்கள். கை வைக்க முடியாத சூடு இருக்கும். கருவியோ அறையின் வெப்பநிலைக்குப் பக்கத்தில் ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். அதே சொம்பில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அந்த இடத்தைக் குறிவையுங்கள். எண் சட்டென்று ஏறும். சொம்பின் சூடு மாறவில்லை. பளபளப்பான உலோகம் தன் கதிரைக் குறைவாக உமிழ்ந்து, எதிரில் இருப்பதைக் கண்ணாடிபோலத் திருப்பிக் காட்டுகிறது. இந்தக் குணத்தின் அளவுதான் உமிழ்திறன். எஃகு உருட்டும் ஊரில் இருக்கும் நமக்கு இது புதிதல்ல. தூரத்திலிருந்து தகட்டின் சூட்டை அளப்பவர்கள் இந்தத் தொல்லையோடுதான் தினமும் வேலை செய்கிறார்கள்.

நீரின் உமிழ்திறன் 0.98 முதல் 0.99 வரை இருக்கும். ஏறக்குறைய முழுமை. ஆனால் மிச்சமுள்ள ஒன்றிரண்டு சதவீதம் வானத்தைப் பிரதிபலிக்கிறது. தெளிந்த வானம் அகச்சிவப்பில் மிகவும் குளிர்ந்தது. அதனால் திருத்தம் செய்யாமல் நீரைப் பார்க்கும் கருவி ஏறத்தாழ அரை டிகிரி குறைத்துக் காட்டும். உமிழ்திறனை 0.98-இல் வைத்து, நீரை ஒருமுறையும் வானத்தை ஒருமுறையும் அளந்து, இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். சூரியன் இருக்கும் பக்கம் கருவியைத் திருப்பவே கூடாது.

மூன்றாம் படி: நீரில் இறங்குங்கள்

லேண்ட்சாட் 8, லேண்ட்சாட் 9 ஆகிய இரண்டும் காலை பத்தரை மணிவாக்கில் நம் தலைக்கு மேல் கடக்கும். ஒவ்வொன்றும் 16 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்புவதால், இரண்டையும் சேர்த்தால் 8 நாளுக்கு ஒரு வாய்ப்பு. அவற்றின் வெப்பக் கருவி காண்பது 100 மீட்டர் சதுரங்களை. படத்தில் 30 மீட்டர் புள்ளிகளாகத் தெரிவது பிறகு நிரவிக் கொடுத்தது.

இதனால்தான் ஏற்காடு ஏரி இந்த வேலைக்கு ஒத்துவராது. படகுத்துறையில் நின்றால் எதிர்க்கரை மரம் தெளிவாகத் தெரியும் அளவுக்குச் சிறிய ஏரி அது. 100 மீட்டர் சதுரத்தில் கொஞ்சம் நீர், கொஞ்சம் மரம், கொஞ்சம் தார்ச் சாலை என்று எல்லாம் கலந்துவிடும். மேட்டூரில் கரையிலிருந்து 300 மீட்டராவது தள்ளிப் போக முடியும். பண்ணவாடிப் பக்கம் நீர்மட்டம் இறங்கும்போது மூழ்கிய கோயிலின் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே வரும். அப்படிப்பட்ட காலத்தில் அந்தப் பகுதியைத் தவிர்த்து ஆழமான பகுதிக்குப் போங்கள். நீர்வளத் துறை, மீன்வளத் துறை ஊழியர்களிடம் கேட்டு, உயிர்காப்பு உடை அணிந்து, அனுபவமுள்ள பரிசல்காரரோடு மட்டும் செல்லுங்கள். அணைச் சுவரின் பக்கம் போக வேண்டாம்.

மூங்கில் கழியின் நுனியில் கல் கட்டிய கயிறு ஒன்றைத் தொங்கவிட்டு, அதில் 5 சென்டிமீட்டர், 50 சென்டிமீட்டர், ஒரு மீட்டர் ஆழங்களில் வெப்பமானிகளைக் கட்டுங்கள். கழியைப் பரிசலிலிருந்து ஒன்றரை மீட்டராவது வெளியே நீட்டிப் பிடிக்க வேண்டும். முதல் முறை நான் பரிசலின் விளிம்பை ஒட்டியே கயிற்றை விட்டேன். துடுப்புப் போடும்போது பரிசல் சுழன்று மேல்நீரையும் கீழ்நீரையும் கலக்கியது. மூன்று ஆழத்திலும் ஒரே எண் வந்தது. நீர் ஒரே சூட்டில் இருப்பதாக நம்பி ஒரு காலை முழுவதும் வீணானது. துடுப்பை நிறுத்தி, பரிசல் அமைதியான பிறகு ஐந்து நிமிடம் காத்திருந்து, செயற்கைக்கோள் கடக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் பத்து நிமிடம் விடாமல் பதியுங்கள். காற்று எப்படி வீசியது, அலை இருந்ததா, நீர் கண்ணாடிபோலக் கிடந்ததா என்பதையும் எழுதுங்கள்.

நான்காம் படி: மேகத்தை விலக்குங்கள்

கணக்கில் புகும் பெருந்தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. அடர்ந்த மேகம் படத்திலேயே தெரிந்துவிடும். நம்மை ஏமாற்றுவது மெல்லிய உயர்மேகமும், ஒரு புள்ளியில் கால்பங்கை மட்டும் மறைக்கும் சிறு மேகமும். அவை நீரை ஒன்றிரண்டு டிகிரி குளிர்ந்ததாகக் காட்டும். அந்த எண் நம்பும்படியாகவே இருக்கும்.

மூன்று சோதனை செய்யுங்கள். பகலில் நீர் கறுப்பாகத் தெரிய வேண்டும், வெளுத்திருந்தால் சந்தேகியுங்கள். பக்கத்துப் புள்ளிகளோடு ஒப்பிடுங்கள். நீரின் சூடு மெதுவாக மாறும், மேகத்தின் ஓரம் திடீரென மாறும். பருவத்தின் வழக்கமான அளவோடு ஒப்பிடுங்கள். ஏற்காட்டில் லேடிஸ் சீட் முனையில் நிற்கும் நண்பர் ஒருவர் அதே நேரத்தில் மேட்டூர்ப் பக்கம் பார்த்து ஒரு படம் எடுத்து அனுப்பினால், எந்தக் கணினிச் சோதனையும் தராத சாட்சி உங்களுக்குக் கிடைக்கும்.

ஐந்தாம் படி: எண்ணை வெப்பநிலையாக மாற்றுங்கள்

லேண்ட்சாட்டின் இரண்டாம் நிலை (லெவல்-2) வெப்பநிலைப் படத்தில் இது எளிது. புள்ளியின் எண்ணை 0.00341802-ஆல் பெருக்கி, 149-ஐக் கூட்டினால் கெல்வின். 273.15-ஐக் கழித்தால் செல்சியஸ். எண் 44,500 என்றால் 27.95 டிகிரி. ஒரே ஒரு புள்ளியை நம்ப வேண்டாம். 30 மீட்டர் புள்ளிகள் மூன்றுக்கு மூன்று எடுத்தாலும் அது உண்மையில் ஒரே அளவீடுதான். பத்துக்குப் பத்தாவது எடுத்துச் சராசரி பாருங்கள்.

மேட்டூருக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. இந்தப் படத்தின் கணக்கு, தரையின் உமிழ்திறனை ஆஸ்டர் என்னும் இன்னொரு செயற்கைக்கோள் கருவியின் 2000 முதல் 2008 வரையிலான படங்களிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அணை நீர் 120 அடியை எட்டும் ஆண்டும் உண்டு, கரை காய்ந்து வெள்ளரி பயிரிடும் ஆண்டும் உண்டு. அன்று மண்ணாக இருந்த இடம் இன்று நீராக இருந்தால், பழைய மண்ணின் உமிழ்திறன் இன்றைய நீர்மீது ஏற்றப்படும். 2 சதவீத வேறுபாடே ஏறத்தாழ ஒரு டிகிரியைத் தள்ளிவிடும். எப்போதும் நீர் நிற்கும் பழைய ஆற்றுத்தடத்தின் மேல் உங்கள் அளவிடத்தைத் தேர்ந்தெடுப்பதே இதற்கு மருந்து.

ஆறாம் படி: நீராவியைக் கழியுங்கள்

முதலில் ஒரு சோதனை. மேகமில்லாத நாளில், அஸ்தம்பட்டியில் அகச்சிவப்பு வெப்பமானியை நேர் மேலே வானத்தை நோக்கிப் பிடித்து எண்ணை எழுதுங்கள். இருபது கொண்டைஊசி வளைவுகளையும் ஏறி ஏற்காட்டில் அதையே செய்யுங்கள். எண் நன்றாக இறங்கியிருக்கும். உங்களுக்கு மேலே இருந்த நீராவியில் பெரும்பகுதி இப்போது கீழே தங்கிவிட்டது. அந்த அடுக்கு கீழிருந்து பார்ப்பவருக்கு வானத்தைச் சூடாகக் காட்டுவதுபோல, மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்குக் கடலைக் குளிர்ந்ததாகக் காட்டும். ஈரம் மிகுந்த வங்கக் கடலில் இந்தக் குறைவு பல டிகிரி வரை போகும்.

இதைத் திருத்த 1970-களில் வந்த யோசனை மிக அழகானது. 11 மைக்ரான் அலைநீளத்திலும் 12 மைக்ரான் அலைநீளத்திலும் ஒரே கடலைப் பாருங்கள். நீராவி 12-ஐ அதிகமாக விழுங்கும். ஆகவே இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே நடுவில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதைச் சொல்லிவிடும். 11-இல் 22.5 டிகிரி, 12-இல் 20.5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 2. அதை ஏறக்குறைய இரண்டரையால் பெருக்கி 11-இன் அளவோடு கூட்டினால் 27.5 டிகிரி. 1981-இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் நோவா-7 செயற்கைக்கோளின் கருவியிலிருந்து இன்றுவரை இந்த முறையின் வழித்தோன்றல்கள்தான் வேலை செய்கின்றன. கருவி சாய்வாகப் பார்த்தால் காற்றின் தடிமன் கூடும் என்பதற்கு இன்னோர் உறுப்பையும் சேர்ப்பார்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. பாடங்களில் இதை அவசரமாகக் கடந்துவிடுவதைப் பார்த்து எனக்கு வருத்தம் உண்டு. மேற்கண்ட கணக்கை விரித்தால், 11-இன் அளவை 3.5-ஆல் பெருக்கி, 12-இன் அளவை 2.5-ஆல் பெருக்கிக் கழிக்கிறோம். இரண்டிலும் 0.1 டிகிரி இரைச்சல், அதாவது கருவியின் தாறுமாறான தடுமாற்றம், இருந்தால், விடையில் அது 0.43 டிகிரியாகப் பெருகும். 9 தனித்தனிப் புள்ளிகளின் சராசரி எடுத்தால் 0.14-க்கு இறங்கும். நீராவியின் பிழையை நீக்கும்போதே கருவியின் பிழையை வளர்க்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. லேண்ட்சாட் 8-இல் வெளியிலிருந்து புகுந்த ஒளி இரண்டாம் வெப்ப அலைநீளப் பட்டையை அதிகம் கெடுத்ததால், அதன் வெளியீட்டில் ஒற்றைப் பட்டையையே பயன்படுத்துகிறார்கள்.

தூசும் எரிமலைத் துகளும் வேறு கதை. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினட்டூபோ வெடித்த பிறகு, இரண்டு அலைநீள முறை உலகக் கடல்களை உண்மையைவிடக் குளிர்ந்ததாகக் காட்டியது. அதே ஆண்டு ஏவப்பட்ட ஐரோப்பியக் கருவி ஒரே இடத்தை நேராக ஒருமுறையும், சுமார் 55 டிகிரி சாய்வில் காற்றின் நீண்ட பாதை வழியாக ஒருமுறையும் பார்த்தது. இரண்டு பார்வைகளின் வேறுபாடு, குறுக்கே உள்ளதைக் காட்டிக்கொடுத்தது. ஐரோப்பாவின் இன்றைய சென்டினல்-3 செயற்கைக்கோள் இந்த இரட்டைப் பார்வையையே தொடர்கிறது.

ஏழாம் படி: ஒப்பிட்டுப் பிழையைப் பங்கிடுங்கள்

ஒவ்வொரு நாளுக்கும் செயற்கைக்கோள் அளவிலிருந்து உங்கள் 5 சென்டிமீட்டர் அளவைக் கழியுங்கள். வித்தியாசங்களின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்), செயற்கைக்கோள் வழக்கமாக எவ்வளவு கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது என்று சொல்லும். பரவல், ஒவ்வொரு முறையும் எவ்வளவு தடுமாறுகிறது என்று சொல்லும். சராசரிக்குப் பதில் இடைநிலை ஏன்? நழுவி உள்ளே வந்த ஒரே ஒரு மேகம் சராசரியைக் கீழே இழுத்துவிடும். காற்று வீசிய நாட்களையும் அமைதியான நாட்களையும் பிரித்து வைத்துப் பாருங்கள். அமைதியான நாட்களில் மட்டும் வேறுபாடு பெரிதானால், குற்றம் ஆழத்தின்மீது. கருவியின்மீது அல்ல. திருத்தத்தைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்திய நாட்களை வைத்தே அந்தத் திருத்தம் சரியா என்று சோதிக்காதீர்கள். பாதி நாட்களை முன்பே ஒதுக்கி மூடிவையுங்கள்.

உங்கள் வெப்பமானியிலும் பிழை உண்டே, வித்தியாசம் முழுவதையும் செயற்கைக்கோளின் தலையில் கட்டலாமா? மூன்றாவது அளவீடு ஒன்று கிடைத்தால் பிழையைப் பிரிக்கலாம். கடலில் அகச்சிவப்பு, நுண்ணலை, மிதவை என்று மூன்று கிடைக்கும். பயிற்சிக்கு ஒரு கணக்கு: வித்தியாசங்களின் மாறுபாட்டு வர்க்கம் (பரவலின் வர்க்கம்) அகச்சிவப்புக்கும் மிதவைக்கும் 0.25, அகச்சிவப்புக்கும் நுண்ணலைக்கும் 0.41, மிதவைக்கும் நுண்ணலைக்கும் 0.28 என்று கொள்வோம். முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்துப் பாதியாக்கினால் 0.19. அதன் வர்க்கமூலமான 0.44 டிகிரி, அகச்சிவப்பின் சொந்தப் பிழை. இதே வழியில் மிதவைக்கு 0.24, நுண்ணலைக்கு 0.47 வரும். மூன்றின் பிழைகளும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையாக இருந்தால்தான் இது செல்லும்.

எட்டாம் படி: கடலுக்குப் போங்கள்

2013-இல் ஏவப்பட்ட இன்சாட்-3டி-யின் பின்வந்த இன்சாட் செயற்கைக்கோள்கள் ஒரே இடத்தில் நின்று 4 கிலோமீட்டர் சதுரங்களில் நம் கடலைப் பார்ப்பவை. நாள் முழுவதும் பார்ப்பதால் காலைக்கும் மாலைக்கும் நடுவே கடல் சூடேறுவதைக் காட்டும். வடகிழக்குப் பருவமழையில் மேகம் மூடும்போது, ஜப்பானின் அம்சர்-2 போன்ற நுண்ணலைக் கருவிகள்தான் துணை. அவை மேகத்தை ஊடுருவும். ஆனால் பல பத்து கிலோமீட்டரை ஒரே புள்ளியாகப் பார்ப்பதால் கரையோரத்தில் நிலத்தின் கதிர் கலந்துவிடும். கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் கரையை ஒட்டிய நீருக்கு அவற்றை நம்ப வேண்டாம். சரிபார்க்கச் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் வங்கக் கடலில் நிறுத்தியிருக்கும் மிதவைகளும், கடலில் மூழ்கி எழுந்து அளக்கும் ஆர்கோ மிதவைகளும் இருக்கின்றன.

பன்னாட்டு முறையில் வெளியாகும் கடல் வெப்பநிலைக் கோப்புகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 5 வரை தரமதிப்பு இருக்கும். 5 மிக நல்லது. பலரும் 5-ஐ மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுகிறார்கள். பெரும்பாலான நாட்களில் அது சரி. புயல் கடந்த மறுநாள் சரியல்ல. புயல் கடலைக் கலக்கி அடிநீரை மேலே கொண்டுவரும். அது போன தடம் முழுவதும் குளிர்ந்த நீர் பட்டையாகக் கிடக்கும். மேகச் சோதனை அந்தக் குளிர்ச்சியைக் கண்டு, “இவ்வளவு குளிர்ந்த கடலா, இது மேகம்தான்” என்று நினைத்துத் தரமதிப்பைக் குறைத்துவிடலாம். அப்படிப்பட்ட நாளில் கழித்த புள்ளிகளைத் திரும்ப எடுத்து, நுண்ணலைப் படத்தை அதன்மேல் வைத்து, தடத்துக்கு அருகே உள்ள மிதவையின் பதிவைத் திறந்து பாருங்கள். மிதவையும் குளிர்ந்திருந்தால், அந்தப் புள்ளிகளை உங்கள் கையாலேயே மீண்டும் கணக்கில் சேர்த்து, ஏன் சேர்த்தீர்கள் என்று நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள்.